‘பொம்பள மாதிரி’: ஒரு வசவும் நம் போராட்டமும்

குடிநீர் வராத ஊரில், புகாரை வாங்காத காவல் நிலையத்தில், பட்டா தராத தாலுகா அலுவலகத்தில் நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு போராட்டம் உண்டு. தட்டில் வளையல், புடவை, பூ, குங்குமம் வைத்து அதிகாரியிடம் கொடுப்பது. எல்லாக் கட்சிகளும் செய்கின்றன. தலித் இயக்கங்களும் செய்கின்றன. தட்டை ஏந்தி முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தன் கையில் கிடக்கும் வளையலையே அவமானச் சின்னமாகத் தூக்கிக் காட்டச் சொல்லி அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

வளையல் கொடுப்பதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். நீ ஆண் இல்லை. ஆண் இல்லாதவன் கையாலாகாதவன். ஒருவனைச் சிறுமைப்படுத்த வேண்டுமானால் அவனைப் பெண்ணாக்கினால் போதும். இது நமக்கு எதிராக நூற்றாண்டுகளாக வீசப்பட்ட ஆயுதம். அதையே கையில் எடுத்துக்கொண்டு நீதி கேட்டுப் போகிறோம்.

பெண்மையாக்கம் என்ற சொல் உயிரியலில் ஒன்றைக் குறிக்கிறது, பண்பாட்டில் இன்னொன்றை, பாலியலில் வேறொன்றை. இந்த மூன்றையும் வேண்டுமென்றே குழப்பித்தான் அந்த வசவு உயிர் வாழ்கிறது. ‘இயற்கையே அப்படித்தான்’ என்று உயிரியலைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

உயிரியலில் வசவு இல்லை

உயிரியலாளர் பெண்மையாக்கம் என்று சொல்லும்போது ஒரு மாற்றத்தை விவரிக்கிறார். மரபணுப்படி ஆணாக இருக்கும் உடலில், பெண் உடலுக்குரியது என்று நாம் வகைப்படுத்தியுள்ள உறுப்போ சுரப்போ தோன்றுவதற்கு அது பெயர். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அட்ரசின் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டைரோன் ஹேய்ஸ் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. மரபணுப்படி ஆணான 40 ஆப்பிரிக்கத் தவளைகளை, நூறு கோடியில் 2.5 பங்கு மட்டுமே அட்ரசின் கலந்த நீரில் வளர்த்தார்கள். அவற்றில் பத்து சதவீதம் முழுப் பெண்ணாக மாறி, வேறு ஆண் தவளைகளுடன் கூடி முட்டையும் இட்டன. தயாரிப்பு நிறுவனம் இந்த முடிவுகளை மறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம், நிலத்தடி நீரில் கலப்பதைக் காரணம் காட்டி, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அட்ரசினைக் கைவிட்டிருந்தது.

இதை வைத்து அமெரிக்காவில் என்ன சத்தம் எழுந்தது தெரியுமா? தண்ணீரில் ரசாயனம் கலந்து தவளைகளை ஓரினச் சேர்க்கையாளர்களாக மாற்றுகிறார்கள் என்று வலதுசாரி ஒலிபரப்பாளர் ஒருவர் அலறினார். அது உலகம் முழுக்கப் பரவியது. குடிநீரில் விஷம் என்பது அவருக்குப் பிரச்சினையாகப் படவில்லை. ஆண் பெண்ணாகிறது என்பதுதான் பேரழிவாகப் பட்டது.

அந்தக் களைக்கொல்லி நம் மக்காச்சோளக் காடுகளிலும் தெளிக்கப்படுகிறது. கையுறை இல்லாமல், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, மருந்து டேங்க்கை முதுகில் சுமந்து தெளிப்பவர் யார்? பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரர். அவருடைய தோலையும் மூச்சையும் அவர் குடிக்கும் தண்ணீரையும் பற்றித்தான் நாம் கேள்வி எழுப்ப வேண்டும். ‘ஆண்மை போகிறது’ என்ற ஒப்பாரி அந்தக் கேள்வியை மூடி மறைக்கிறது.

அடுத்து ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன் என்று பள்ளியில் படித்தோம். 1934இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற விஞ்ஞானி ஈஸ்ட்ரோஜன் கொட்டிக் கிடக்கும் ஓரிடத்தைக் கண்டுபிடித்தார். அது ஆண் குதிரையின் சிறுநீர். வீரத்துக்கும் வீரியத்துக்கும் உவமையாகச் சொல்லப்படும் அதே பொலிகுதிரை! 1994இல் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாத உடல்கொண்ட 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அவருடைய எலும்பு வளர்ச்சி நிற்கவே இல்லை, எலும்புகளும் வலுவிழந்திருந்தன. ஆணின் எலும்பை உறுதியாக்குவது ‘பெண் ஹார்மோன்’ என்று அப்போது தெரிந்தது. மீசை முறுக்கும் ஒவ்வொருவரின் முதுகெலும்பிலும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

இன்னொரு கதையும் பாடப்புத்தகத்தில் உண்டு. கரு சும்மா விட்டால் பெண்ணாகும், ஏதாவது ‘செய்தால்’தான் ஆணாகும் என்பது. 1990இல் எஸ்ஆர்ஒய் மரபணு கண்டறியப்பட்டபோது இந்தக் கதை இன்னும் பலம் பெற்றது. பெண் என்றால் செயலின்மை, ஆண் என்றால் செயல். மனுதர்மத்துக்கும் இதற்கும் என்ன பெரிய தூரம்? ஆனால் 2009இல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று இதைத் திருப்பிப் போட்டது. வளர்ந்த பெண் எலியின் சூலகத்தில் ஃபாக்ஸ்எல்2 என்ற ஒரே மரபணுவை நிறுத்தியதும், அங்கிருந்த செல்கள் விந்தகச் செல்களைப் போல மாறின. சூலகம் சூலகமாக நீடிக்க ஒவ்வொரு நாளும் உழைக்கிறது. பெண் உடலும் ஒரு செயல்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? பதின்ம வயதில் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேர் வரை மார்பு சிறிது வீங்குவது உண்டு. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அந்த இரண்டு ஆண்டில் வகுப்பிலும் விடுதியிலும் அந்தப் பையனுக்கு என்ன நடக்கிறது என்று விடுதி மாணவர்களுக்குத் தெரியும். சட்டையைக் கழற்ற முடியாது, விளையாட முடியாது, கிணற்றில் குளிக்க முடியாது. சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் சட்டம் இருக்கிறது என்று நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இந்தப் பையனைத் ‘பொட்டை’ என்று கூப்பிடுபவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சாதியின் இரண்டு கைகள்

இயற்கையில் இல்லாத ஏற்றத்தாழ்வைப் பண்பாடு கொண்டுவந்து சேர்க்கிறது. பிரிட்டிஷ்காரன் இதில் தேர்ந்தவன். 1841இல் மெக்காலே வங்காள ஆண்களைப் பெண்மைத்தனமானவர்கள் என்று எழுதினார். பின்னர் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் ‘போர் மரபினர்’ என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சில சாதிகள் பிறப்பிலேயே வீரர்கள், மற்றவர்கள் அல்ல. மதராஸ் படைவீரர்கள் மதிப்பிழந்தது அப்படித்தான். 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டதும் அப்படித்தான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர். ஒரு சமூகத்துக்குக் கிடைத்த சம்பளம், கல்வி, ஓய்வூதியம் எல்லாவற்றின் கதவும் ‘இவர்கள் வீரர்கள் அல்ல’ என்ற ஒரு சொல்லால் அடைக்கப்பட்டது. ஆண்மை இல்லை என்பது வெறும் கேலி அல்ல. வேலையைப் பறிக்கும் உத்தரவு.

ஊருக்குள் சாதி இந்துக்கள் செய்ததும் இதேதான். மீசை வைக்காதே, முறுக்காதே. தோளில் துண்டு போடாதே, வேட்டியைக் கணுக்கால் வரை இறக்காதே. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நட. இந்தத் தடைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஊர் எதையெல்லாம் ஆணின் அடையாளம் என்று கருதுகிறதோ, அதையெல்லாம் தலித் ஆணிடமிருந்து பிடுங்குகிற வேலை இது. 2017இல் குஜராத்தின் காந்திநகர் அருகே லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது, நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மீசையும் கிரீடமும் உள்ள படத்தைத் தங்கள் வாட்ஸ்அப் முகப்பில் வைத்தார்கள்.

இது சாதியின் ஒரு கை. அதன் இன்னொரு கை என்ன செய்தது?

தலித் ஆணைப் பெண்ணாக்கிய அதே சாதி, ஒடுக்கப்பட்ட பெண்ணைப் ‘பெண்’ணாகவே ஏற்க மறுத்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். 1859இல் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு மார்பை மூடிக்கொள்ளலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்றது. கவனியுங்கள், தடை துணிக்கு அல்ல. ‘பெண்மை’ என்பது மேல்சாதிப் பெண்ணுக்கு மட்டுமே உரிய பட்டயம் என்பதுதான் அந்த உத்தரவு. மென்மை, நாணம், பாதுகாக்கப்பட வேண்டியவள் என்பதெல்லாம் அவளுக்கு. நாற்று நடுபவளுக்கும் செங்கல் சுமப்பவளுக்கும் மலம் அள்ளுபவளுக்கும் அது கிடையாது. அவள் உழைக்கும் உடல், எவனும் தொடலாம் என்று ஊர் நினைக்கும் உடல்.

தலித் ஆணுக்குப் பெண்மை தண்டனையாகத் தரப்பட்டது. தலித் பெண்ணுக்குப் பெண்மை சலுகையாகக்கூட மறுக்கப்பட்டது. இரண்டையும் செய்தது ஒரே அமைப்பு. அப்படியானால் பெண்மை என்று அவர்கள் சொன்னது உடம்பில் இருக்கும் எதுவும் அல்ல. யாரை எங்கே நிறுத்துவது என்பதற்கான ஓர் அளவுகோல் அது. அதனால்தான் அது முன்னுக்குப் பின் முரணாகவும் வேலை செய்யும். காலையில் ‘வீரமில்லாதவன்’ என்று திட்டப்பட்ட அதே தலித் இளைஞன், மாலையில் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு மேல்சாதிப் பெண்களை மயக்கும் ‘நாடகக் காதல்’காரன் ஆகிவிடுவான். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி எரிந்ததற்கு முன்னும் பின்னும் இந்தப் பேச்சைத்தானே கேட்டோம்?

படுக்கையிலும் சாதி ஏணி

பாலியலுக்கு வருவோம். இங்கே மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஒருவர் எப்படி நடக்கிறார், பேசுகிறார் என்பது ஒன்று. தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது இரண்டாவது. யார்மீது ஆசை கொள்கிறார் என்பது மூன்றாவது. நளினமாக நடக்கும் ஆண் பெண்ணை விரும்பலாம். முரட்டு மீசைக்காரர் ஆணை விரும்பலாம். திருநங்கை என்பவர் ‘பெண்ணாக்கப்பட்ட ஆண்’ அல்ல, அவர் பெண்.

ஆண்களுக்கு இடையிலான உறவிலும் ஊர் இருவரையும் ஒன்றுபோல் பழிப்பதில்லை. ‘பெண் இடத்தில்’ இருந்தவர் என்று கருதப்படுபவருக்கே அவமானம் முழுவதும். மற்றவர் தப்பித்துவிடுவார். ஆகவே வெறுப்பு ஓரினக் காதல்மீது மட்டும் அல்ல, ஆணாகப் பிறந்தவர் பெண்ணின் இடத்துக்கு ‘இறங்கினார்’ என்பதன்மீது. இறங்குவது என்ற சொல்லே ஏணியைக் காட்டிக்கொடுக்கிறது. சாதிவிட்டுச் சாதி மணந்தவரையும் ‘கீழே இறங்கிவிட்டார்’ என்றுதானே சொல்கிறார்கள்?

சட்டமும் இந்த ஏணியில்தான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தில், திருநர்மீதான பாலியல் வன்முறைக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்மீதான பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. திருநங்கையின் உடல் அவ்வளவுதானா?

தானே விரும்பிப் பெண்ணாக வாழ்பவரைத் தண்டிக்கும் இதே சமூகம், பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவரைக் கத்தியாலும் மாத்திரையாலும் ‘இன்னும் பெண்ணாக்க’ முயல்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த தலித் பெண் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. உலகம் முழுவதும் அவர் பெயரைப் போட்டு உடைத்தார்கள். பின்னர் வந்த சர்வதேச விதிகள், தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா போன்ற வீராங்கனைகள் மருந்து உட்கொண்டு டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால்தான் ஓடலாம் என்றன. 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதியதைப் படித்தால் ரத்தம் கொதிக்கும். வளரும் நாடுகளின் கிராமங்களிலிருந்தும் மலைப்பகுதிகளிலிருந்தும் வந்த நான்கு இளம் வீராங்கனைகளுக்கு, உடலுக்குள் இருந்த விந்தகங்களை அகற்றியதோடு, கிளிட்டோரிஸின் ஒரு பகுதியையும் வெட்டியிருக்கிறார்கள். ஓட்டத்துக்கும் அந்த உறுப்புக்கும் என்ன சம்பந்தம்? பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு உடலை அறுத்தார்கள், அவ்வளவுதான். அறுக்கப்பட்டவர்கள் ஏழை நாட்டுப் பெண்கள் என்பது தற்செயலா?

குழந்தைகளுக்கும் இதுவே நடக்கிறது. இடைபாலினக் குழந்தை பிறந்தால், உயிருக்கு ஆபத்து ஏதும் இல்லாதபோதும், பெண் உறுப்புபோலத் தெரியும்படி அறுவை செய்வார்கள். மருத்துவத்தில் அதற்குப் பெயரே பெண்மையாக்க அறுவை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை வெளியிட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் நாம்தான். அந்த வழக்கு ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் தூத்துக்குடிக் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யக் கேட்டு வந்த வழக்கு என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் உரிமைக்கான போராட்டம் பேச்சு வராத குழந்தையின் உடலைக் காப்பாற்றியது.

ஆகவே பெண்மையாக்கம் நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தாரா என்பதே கேள்வி. திருநங்கை தானாகத் தேர்ந்தெடுக்கும் சிகிச்சை அவருடைய விடுதலை. குழந்தையின்மீதும் வீராங்கனையின்மீதும் திணிக்கப்படுவது வன்முறை. சிகிச்சையின் பெயர் ஒன்றாக இருக்கலாம்; அரசியல் நேர் எதிரானது.

அப்படியானால் மீசை வேண்டாமா?

வேண்டும். வைத்துக்கொள்ளுங்கள், முறுக்கிக்கொள்ளுங்கள். புல்லட்டில் போங்கள். ஊர்த் தெருவில் செருப்போடு நடங்கள். எதைத் தடுத்தார்களோ அதைச் செய்வது உரிமைப் போர். கொரேகான் தூணுக்கு 1927இல் புரட்சியாளர் அம்பேத்கர் போனார், நாமும் போகிறோம். ஆனால் ‘நாங்களும் ஆம்பளைங்கதான்’ என்று நிரூபிக்கப் போனால், நிரூபிக்க வேண்டிய இடத்தில் யார் நடுவராக உட்கார்ந்திருக்கிறார்? அதே சாதி இந்து. அவனுடைய பரீட்சையில் நீங்கள் தேறினால், தேறாமல் நிற்பவர்கள் யார்? உங்கள் அக்கா, உங்கள் திருநங்கைத் தோழர், விடுதியில் சட்டையைக் கழற்ற முடியாத அந்தப் பையன்.

‘முதலில் சாதி ஒழியட்டும், பெண் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்’ என்று சில மூத்த தோழர்கள் சொல்வார்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயதில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி. உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் அந்த அகமணத்தைக் காக்க வந்தவை என்றார். பெண்ணின் உடலைப் பூட்டாமல் சாதி ஒரு தலைமுறைகூடத் தாங்காது. 1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட மாநாட்டில் அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகப் புடவை கட்டுவதையும் நகை போடுவதையும் விடச் சொன்னார். 1942இல் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட பெண்களின் மாநாட்டில் பேசினார். 1951இல் பதவியை விட்டு விலகியபோது அவர் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது. அவருக்கு ‘அப்புறம்’ என்று ஒன்று இருக்கவில்லை.

செய்ய வேண்டியவை நம் கையில் உள்ளன. அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு வளையல் தட்டு எடுக்காதீர்கள். கடமையைச் செய்யாத அதிகாரிமீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் வழக்குக் கேளுங்கள். அது வளையலைவிட அதிகம் வலிக்கும். ‘பொட்டை’, ‘ஒம்போது’ என்ற சொற்கள் நம் மேடையில், நம் வாட்ஸ்அப் குழுவில், நம் கானாவில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சாதிப் பெயரை வசவாகச் சொன்னால் விடுவோமா? திருநருக்குக் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்டு கிரேஸ் பானு போன்ற தோழர்கள் பல ஆண்டுகளாகத் தெருவில் நிற்கிறார்கள். தலித் திருநங்கை பட்டியல் சாதியில் நின்றால் திருநர் என்பது கணக்கில் வராது. மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நின்றால் தலித் என்பது கணக்கில் வராது. இது யாருடைய கோரிக்கை? நம்முடைய கோரிக்கை. நம் மாநாட்டுத் தீர்மானங்களில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அல்லது இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். 2019 அரசாணை உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் எப்படி நடைமுறையாகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் செலவு.

‘பொம்பள மாதிரி அழாதே’ என்று அடுத்த முறை யாராவது சொன்னால், பொம்பள மாதிரி இருப்பதில் என்ன குறை என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.